எண்டர் தாடன விசாரம்

கணிப்பொறிக்குச் செய்தி சொல்ல மனிதன் கண்ட கருவிகளுள் விசைப்பலகையும் மௌஸும் பிரதானமானவை என்பதையும், அவற்றுள் பின்னது 1964-ஆம் ஆண்டில், டக்ளஸ் எங்கெல்பர்ட் என்பவரின் யோசனைப்படி, ஒரு மரப்பெட்டியும் இரண்டு சக்கரங்களுமாக அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் அவதரித்தது என்பதையும் சரித்திரகாரர்கள் விஸ்தாரமாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால், நூற்றுக்குச் சற்று மேற்பட்ட விசைகள் ஒரு பலகையில் சமானமாக வீற்றிருக்க, எண்டர் என்னும் ஒன்றை மட்டும் ஜனங்கள் ஏன் ஓங்கி அடிக்கிறார்கள் என்ற கேள்வி பண்டிதர்களின் கடாட்சத்துக்கு இன்னும் பாத்திரமாகவில்லை. அக்குறையை இயன்ற அளவு நீக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதலில் பிரத்தியட்சம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்பவர், பொழுது போகாவிட்டால், எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணின் வலக்கையைக் கவனிக்கலாம். விண்ணப்பதாரரின் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றைச் சத்தம் கேளாதபடி விரல்நுனியால் தட்டிக்கொண்டே போகும் அந்தக் கை, கடைசிக் கட்டம் நிரம்பியதும் மணிக்கட்டோடு மேலெழும்பி, அரைக்கணம் அந்தரத்தில் நின்று, நடுவிரலை முன்னிட்டு எண்டரின்மேல் விழுகிறது. ‘டக்’கென்ற ஓசையோடு அவர் நாற்காலியில் சாய்ந்து, “ஓடிபி வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்கண்ணா” என்கிறார்.

இவ்வடியினால் இயந்திரத்துக்கு யாதேனும் லாபம் உண்டா என்றால், இல்லை. சாதாரண விசைப்பலகை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினால், பல நாள் தின்ற முறுக்கின் துகள்களுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள் எழுந்த விரிப்பு ஒன்றும், அதன் கீழே மூன்று பிளாஸ்டிக் தாள்களும் தென்படும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் பாயும் மையால் கோடுகள் இழுத்திருக்கும்; நடுத்தாளில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு துளை. விரல் பட்டுக் குமிழ் மடங்கியதும் மேற்கோடு துளை வழியே கீழ்க்கோட்டைத் தொடுகிறது. இதற்கு ஐம்பது அறுபது கிராம் பாரமே போதும். கோடுகளை ஓயாமல் வரிசை வரிசையாகச் சோதித்துக்கொண்டிருக்கும் சில்லு ஒன்று, எங்கே தொடர்பு ஏற்பட்டது என்று கண்டு, தொட்டவுடன் தாள் துள்ளுவதால் உண்டாகும் வீண் சலனங்கள் அடங்கச் சில மில்லிவினாடி பொறுத்து, அந்த விசைக்குரிய எண்ணைக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. விரலை எடுத்ததும் அதையும் தெரிவிக்கிறது. அறுபது கிராமுக்கும் இரண்டு கிலோவுக்கும் போவது ஒரே எண்தான்.

இங்கே பூர்வபட்சிகள் எழுந்து, இது தட்டச்சுப் பொறிக் காலத்துப் பூர்வவாசனை என்பர். அவர்கள் கட்சியில் சாரமில்லாமல் இல்லை. நான்கு கார்பன் தாள்களைச் செருகி, அடியிலிருக்கும் பிரதியிலும் எழுத்து விழவேண்டுமென்று லோயரும் ஹையரும் பாஸ் செய்த குமாஸ்தாக்கள் இடித்த இடியை, அக்காலத்துத் தாலுகா அலுவலகத்து வராந்தாவில் நின்றவர் எவரும் மறந்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பலம் எல்லா எழுத்துக்கும் பொதுவாகச் செலவிடப்பட்டது. எண்டருக்கென்று தனி மானியம் ஏதுமில்லை. மேலும், எண்டருக்கு மூதாதையாகிய, தாள் ஏந்திய வண்டியை அடுத்த வரிக்குத் திருப்பும் நெம்புகோல் கைப்பொறிகளில் பெரும்பாலும் இடப்பக்கம் இருந்தது. மின்தட்டச்சு வந்த பிறகே அவ்வேலை வலப்பக்கத்து விசைக்கு மாறியது. இடக்கையின் வாசனை வலக்கைக்கு எவ்வாறு சங்கிரமித்தது என்பதைப் பூர்வபட்சிகள் விளக்கவேண்டும். தட்டச்சுப் பொறியை மியூசியத்தில்கூடப் பாராத கல்லூரிப் பிள்ளைகளும் இதே அடி அடிக்கிறார்களே, அதற்கும் சமாதானம் சொல்லவேண்டும்.

எமது சித்தாந்தம் வேறு. எண்டரை அடிப்பது கட்டளை அன்று, பாரத்தைக் கைமாற்றுவது: ‘என் வேலை முடிந்தது, இனி உன் பாடு’ என்று இயந்திரத்தினிடம் ஒப்படைப்பது. இதற்கு அனுமானப் பிரமாணம் உண்டு. சம்பள உயர்வு கேட்டு மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தை அனுப்பும்போது எவரும் ஓங்கி அடிப்பதில்லை. விரல் எண்டரின்மேல் தயங்கித் தயங்கி அமர்கிறது, ஏனெனில் பாரம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. எழுத்தை அழிக்கும் விசைக்கும் உரத்த அடி கிடைப்பதில்லை. தன் பிழையைத் திருத்துகிறவன் மேளம் கொட்டிக்கொண்டு திருத்துவானா?

கணிப்பொறி ‘ஹேங்’ ஆகி நிற்கையில் விழும் ஆவேச அடி வேறு ஜாதி. அதில் ஒப்படைப்பு இல்லை, விசாரணையே உண்டு. அதன் பலன் விபரீதமானது. விசைகளின் எண்கள் ஒரு வரிசையில் காத்திருக்கும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் அவ்வரிசைக்குப் பதினைந்து விசைகளே கொள்ளளவு, பதினாறாவதற்கு அது ‘பீப்’ என்று முனகும். இன்றைய இயந்திரங்கள் முனகுவதுகூட இல்லை. மயக்கம் தெளிந்ததும், பிரிண்ட் கொடுத்துவிட்டுப் பொறுமையிழந்து அடித்த அத்தனை அடிக்கும் கணக்குத் தீர்த்து, ஒரே ரேஷன் விண்ணப்பத்தைப் பிரதி பிரதியாக அச்சிட்டுத் தள்ளுகின்றன.

அழுத்தத்தை அறியும் கருவியே உலகில் இல்லையோ என்றால், உண்டு. 2015-இல் ஐபோன் ஒன்றின் திரை விரலின் அழுத்தத்தை அளந்தது. நான்கே வருஷத்தில் அந்த வசதியைக் கைவிட்டார்கள். சங்கீதக்காரர்களின் கீபோர்டோ இவ்விஷயத்தில் பாக்கியசாலி. அதன் ஒவ்வொரு கட்டையின் கீழும் இரண்டு தொடர்புகள் இருந்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சென்ற காலத்தைக் கொண்டு விரலின் வேகத்தைக் கணித்து, 1983-இல் ஏற்பட்ட மிடி முறைப்படி 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக அனுப்புகின்றன. அரசாங்கம் மனம்வைத்து எண்டருக்கு மட்டுமாவது இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தால், விண்ணப்பத்தின் மூலையில் அந்த எண்ணும் அச்சாகும். விடுப்புக் கோரும் கடிதத்தில் 9 என்றும், தெருக்குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிய மூன்றாவது புகாரில் 127 என்றும் கண்டு, சம்பந்தப்பட்ட பிரிவு எழுத்தர் எந்தக் கோப்பை முதலில் எடுப்பது என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.