வானத்தில் ஒரு தளி ரோடு

ராகிக் கதிர் முற்றுகிற சமயத்தில் ஓசூர்ப் பக்கத்து ஜவளகிரிக் காட்டுக்கு வெளிமாநில விருந்தாளிகள் வருவார்கள். கர்நாடகத்துப் பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பி, எல்லைக்கல்லைச் சட்டை செய்யாமல், செக்போஸ்ட் பக்கமே தலைகாட்டாமல், யானைக் கூட்டம் தளிப் பக்கம் இறங்கும். அங்கிருந்து நொகனூர், சானமாவு என்று பாட்டி யானை போட்டுக் கொடுத்த பாதையில் நடக்கும். வனத்துறை ஆட்கள் டார்ச்சும் பட்டாசுமாக நின்று ‘இப்படிப் போ, அப்படித் திரும்பு’ என்று வழிகாட்டுவார்கள். யானைக்கு மனசு இருந்தால் கேட்கும்.

மனிதன் முதன்முதலில் விமானம் ஓட்டிய லட்சணமும் ஏறக்குறைய இதேதான். என்ன, யானைக்கு வழி தெரியும்.

நம்ம மாகாணத்தில் இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவர் ஒரு ஓட்டல்காரர். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஆஞ்சலிஸ், 1910இல் சொந்தமாக ஒரு விமானத்துக்குப் படம் போட்டார். செய்து கொடுத்தது சிம்சன் கம்பெனி. அதுவரை குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள், குதிரையில்லாத வண்டியைப் பார்த்த கையோடு தரையில்லாத வண்டியையும் கட்டிவிட்டார்கள். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மார்ச் மாதம் தீவுத்திடலில் ஊருக்குக் காட்டினார். ‘மேலே போகலாமா?’ என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆள் கிடையாது. மேலே எதிரே வருவதற்கும் ஆள் கிடையாது. இந்திய வானத்தில் டிராஃபிக் ஜாம் அறவே இல்லாத பொற்காலம் அது. மொத்தம் ஒரு வண்டி.

இரண்டாவது வண்டி வந்ததும்தான் வம்பு. எட்டுத் திசையும் ஏறி இறங்க உயரமும் சும்மா கிடக்கிற வானத்தில் இரண்டு விமானம் எப்படி ஐயா மோதும்? மோதின. 1922 ஏப்ரல் 7, பிரான்சில் பிக்கார்டி என்ற வட்டாரம். லண்டனிலிருந்து பாரிசுக்கு ஒன்று, பாரிசிலிருந்து லண்டனுக்கு ஒன்று. மூடுபனி. இருவருமே வழி தவறிவிடக் கூடாதென்று கீழே போன ஒரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே தாழப் பறந்தார்கள். ஏழு உயிர் போயிற்று. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் காரணம் நம்மைப் பற்றி நிறையச் சொல்கிறது. பறவை மாதிரிப் பறக்க ஆயிரக்கணக்கான வருஷம் ஏங்கிய மனிதன், மேலே போனதும் முதல் காரியமாகக் கீழே எட்டிப் பார்த்து டவுன் பஸ் ரூட்டைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் கூடிப் பேசி, வழித்தடம் வகுத்து, ‘வலப்பக்கம் ஒதுங்கிப் போ’ என்று விதி செய்தார்கள். ரோட்டுக்கு வலப்புறமாகப் போனால், ரோடு விமானிக்கு இடப்பக்க ஜன்னலில் தெரிந்துகொண்டே வரும். ஆக, நம்ம ஓசூர்-தளி ரோட்டைக் கொண்டுபோய் வானத்தில் ஒட்டிவிட்டார்கள். பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

லண்டன் கிராய்டனில் அதற்கு முன்பே, 1920இல், விமானங்களுக்கு வழி சொல்லக் கோபுரம் கட்டி ஆளை உட்கார வைத்தாயிற்று. அமெரிக்காக்காரன் அவ்வளவு செலவுக்குப் போகவில்லை. 1929இல் செயின்ட் லூயிஸ் விமானத் திடலில் ஆர்ச்சி லீக் என்பவரை வேலைக்கு வைத்தார்கள். தினமும் காலையில் அவர் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, பெரிய குடை, தண்ணீர், சாப்பாடு, நோட்டுப் புத்தகம், இரண்டு கொடி ஆகியவற்றை ஏற்றித் தள்ளிக்கொண்டு ஓடுபாதைக்குப் போவார். சிவப்புக் கொடி ‘நில்’, கட்டம்போட்ட கொடி ‘கிளம்பு’. கூடவே ரெண்டு இளநீர்க் குலையைத் தொங்கவிட்டிருந்தால் தேன்கனிக்கோட்டை ரோட்டில் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்திருக்க முடியாது. அமெரிக்காவின் முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் இவர்தான். குளிருக்குத் தடித்த உடுப்பு, வெயிலுக்குக் குடை.

இந்தப் பக்கம் ஆகா கான் 1930ஆம் வருஷத்துக்கென்று ஒரு பந்தயம் கட்டினார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே, எந்தத் திசையிலானாலும் சரி, குறித்த கெடுவுக்குள் தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன். மூன்று பேர் குதித்தார்கள். விமானி மன்மோகன் சிங் தன் விமானத்துக்கு ‘மிஸ் இந்தியா’ என்று பெயர் வைத்தார். பெயர்ப் பொருத்தம் பார்த்து வைத்திருக்கலாம். ஒரு ஆங்கில விமானப் பத்திரிகை ஆசிரியர், இவர் நிஜமாகவே இந்தியாவை மிஸ் பண்ணிவிடுவார் போலிருக்கிறது என்ற தோரணையில் நக்கலடித்தார். மனிதர் இரண்டு தடவை பாதியில் திரும்பி, மூன்றாவது தடவை கராச்சியே வந்து சேர்ந்துவிட்டார். கெடுவுக்கு ஒரு நாள் பிந்தி. வட்டிக்கடைக்காரர் மாதிரி ஆகா கானும் ஒரு நாள்கூட விட்டுக் கொடுக்கவில்லை.

மற்ற இருவர் கதை இன்னும் விசேஷம். பதினேழு வயது ஆஸ்பி இன்ஜினியர் இங்கிலாந்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறார், ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அந்தப் பக்கம் போகிறார். எகிப்தில் அபூகீரில் சந்திப்பு. ஆஸ்பியின் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, நிற்கிறது. டாடாவிடம் உபரி பிளக் இருந்தது, எடுத்துக் கொடுத்தார். போட்டியாளன் வண்டிக்குப் பிளக் கொடுத்தவர், அந்தப் பிளக்காலேயே தோற்றார். ஆஸ்பி முந்திக்கொண்டு கராச்சியில் இறங்கி 500 பவுனை வாங்கினார். 1960இல் விமானப்படைத் தலைமைத் தளபதியும் ஆனார். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத வானத்தில் இப்படிப்பட்ட ஆள் எதிரே வந்தால் போதாதா? இன்றைக்கு நடுரோட்டில் ஸ்டெப்னி கேட்டுப் பாருங்கள்.

1932 அக்டோபர் 15. அதே டாடா கராச்சியிலிருந்து புஸ் மோத் என்ற சின்ன விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பினார். ரேடியோ கிடையாது, வழி சொல்லக் கீழே ஒரு ஆளும் கிடையாது. அகமதாபாத்தில் இறங்கினால் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. பம்பாயில் ஜூஹு கடற்கரைச் சேற்றுத்திடல்தான் ஏரோட்ரோம். மழைக்காலத்தில் அது தண்ணீருக்குள் போய்விடும், டாடாவின் விமானக் கம்பெனி புனேவுக்குக் குடிபெயரும். பம்பாயிலிருந்து இன்னொரு விமானி நெவில் வின்சென்ட் தபாலை வாங்கி, பல்லாரி வழியாக மெட்ராசுக்குக் கொண்டுவந்தார். இத்தனைக்கும் நடுவே, அடுத்த வருஷம் முழுக்க நேரம் தவறாமல் தபால் வந்தது என்று அரசாங்கமே மெச்சியது. ரேடியோவும் ரேடாரும் ஜிபிஎஸ்ஸும் உள்ள இந்தக் காலத்தில் நம் விமானங்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகின்றன என்பதை நான் கிளறவில்லை.

நம்ம ஊருக்கு வருவோம். ஓசூரிலிருந்து தளி போகும் வழியில் பெலகொண்டப்பள்ளி. அங்கே 1994இல் தனேஜா ஏரோஸ்பேஸ் கம்பெனி வந்தது. ராணுவத்துக்கு இல்லாத சிறு விமானம் செய்ய நாட்டில் எழுந்த முதல் தனியார் கம்பெனி. இத்தாலி பார்தெனாவியாவோடு கைகோத்து, ஆறு பேர் உட்காரும் இரட்டை இன்ஜின் பி68 செய்தார்கள். 7012 அடி நீளத்தில் சொந்த ஓடுபாதையும் போட்டார்கள். ராகிக் காட்டுக்குப் பக்கத்தில் விமானம் செய்த ஊர் நம்ம ஊர். பக்கத்து ஊர்க்காரனுக்கே இது தெரியாது என்பதுதான் நம் விசேஷம்.

கோபுரம் இல்லாத திடலில் இன்றும் சின்ன விமானம் இறங்குகிற முறை, மலைப்பாதையில் லாரிக்காரர் செய்வதுதான். கொண்டை ஊசி வளைவில் யார் வருகிறார் என்று தெரியாமலே ஹாரன் அடிப்பார் அல்லவா, அதுபோல விமானி ரேடியோவில் யாரும் கேட்காவிட்டாலும் ‘இதோ திரும்புகிறேன், இதோ இறங்குகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே வருவார். காற்றுப்பையைப் பார்த்து, திடலை வட்டமடித்து, காற்றை எதிர்த்து இறங்குவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இறங்க வந்தால் தாழ இருப்பவருக்கு முதல் உரிமை. குறுக்கே சந்தித்துக்கொண்டால், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். இந்த இரண்டு விதியையும் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அமல்படுத்த முயன்றால் அடி விழும்.

பெரிய விமானக் கனவும் நமக்கு உண்டு. 2024 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின், ஓசூரில் 2000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று சட்டசபையில் அறிவித்தார். நடுவே குறுக்கே படுத்திருப்பது ஒரு ஒப்பந்தம். 2008இல் திறந்த பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள், 25 வருஷத்துக்கு வேறு புது விமான நிலையம் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு.

ஜவளகிரி டீக்கடையில் இதை ஒரு பெரியவரிடம் விளக்கிச் சொன்னேன். இரண்டு நாள் முன்பு யானை புகுந்து, அவருடைய ராகிக் காட்டில் பாதியைக் காலி செய்திருந்தது. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

“அந்த நூத்தம்பது கிலோமீட்டர் கணக்கை இதுங்ககிட்ட யாராச்சும் சொன்னீங்களா, சாமி?”