‘எடுக்கல’: பூலாம்பாடி வட்டாரத்தில் கார் கிளம்பாமை குறித்து ஓர் இலக்கண ஆராய்ச்சி

பெரம்பலூர் வண்டிக்கு டிஎன் 46, அரியலூர் வண்டிக்கு டிஎன் 61. முகூர்த்த நாளன்று விடிகாலை நாலரைக்குச் சாவியைத் திருகும்போது எழும் மௌனத்தில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. அந்த மௌனத்தைப் பொறியியலார் இதுவரை தங்கள் பூர்வீகச் சொத்தாக வைத்திருக்கிறார்கள். அது இலக்கணத்தாருக்கு உரியது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் துணிபு இது: ரிப்பேர்ச் செலவைப் பழுது தீர்மானிப்பதில்லை, வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் சொல்லும் முதல் வாக்கியம் தீர்மானிக்கிறது.

ஆய்வுக்களம் பூலாம்பாடி, வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைப் பக்கத்துப் பேரூராட்சி. ஆய்வாளர் அங்கே குடியிருப்பது மட்டும் காரணமன்று. மலேசியாவில் தொழில் செய்யும் குடும்பங்கள் இங்கே அதிகம். ஆகவே பூட்டிய வீடும், வாசலில் தார்ப்பாய் போர்த்திய காரும், ‘அப்பப்ப ஒரு ஓட்டு ஓட்டி வைங்க மாமா’ என்ற பொறுப்பைச் சுமக்கும் ஒரு மாமாவும் பல தெருக்களில் உண்டு. நான் அந்த மாமாக்களுள் ஒருவன். ஆய்வுக்கு இரண்டு கார்கள் கிடைத்தன: ஒன்று என்னுடையது, ஓட்டி ஓட்டித் தேய்ந்தது, மற்றது மாப்பிள்ளையுடையது, ஓட்டாமலே தேய்ந்தது.

வாக்கியங்களுள் மிகப் பரவலானது ‘ஸ்டார்ட் ஆகல’. இதற்கு எழுவாய் இல்லை. ‘வண்டி’ என்று வருவித்துக்கொள்ளலாமே என்பீர்கள். உரையாசிரியருக்கு அது போதும், மெக்கானிக்குக்குப் போதாது. தோன்றா எழுவாயைத் தோன்றச் செய்வதுதான் அவர் பிழைப்பு. பேட்டரி, செல்ஃப் மோட்டார், ரிலே, பிளக், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றையும் எழுவாய் இடத்தில் மாட்டிப் பார்ப்பார். கடைசியில் எது பொருந்தியதோ அதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர் பட்டறைக்குப் புதியவர்.

அடுத்தது ‘செல்ஃப் எடுக்கல’. ‘எடு’ என்பது செயப்படுபொருள் குன்றா வினை. எதை எடுக்கவில்லை? நான் விசாரித்த எவரும் விடை சொல்லவில்லை. கேள்வியே அவர்களுக்கு விளங்கவில்லை. இங்கே கொஞ்சம் வரலாறு. ஒரு காலத்தில் காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் என்ஜின் கிளம்பும். கைப்பிடி எதிர்த்துச் சுழன்று அடித்துக் கையொடிந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் இந்த வேலையை ஒரு மின்மோட்டாரிடம் ஒப்படைத்தார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் அது வந்தது. அதன் முழுப்பெயர் ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’. ஆங்கிலேயர் நாளடைவில் ‘ஸ்டார்ட்டரை’ வைத்துக்கொண்டு ‘செல்ஃபை’ உதறினார்கள். நாம் ஸ்டார்ட்டரை உதறிவிட்டு ‘தான்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம். இதில் சைவ சித்தாந்தத்தின் செல்வாக்கு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. 1961 முதல் சென்னையில் லூகாஸ் டிவிஎஸ் இந்தத் ‘தான்’களைச் செய்து தள்ளிக்கொண்டிருக்கிறது, அங்கே யாரும் இதைத் தத்துவமாகப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இனி ஒலிக்குறிப்பு. கட்டுரையில் காசு மிச்சம் பிடித்துத் தரும் பகுதி இதுதான், கவனமாகப் படிக்கவும். சாவியைத் திருகும்போது ‘டிக்டிக்டிக்’ என்று இரட்டைக்கிளவியாக வந்தால் பேட்டரியில் தெம்பு இல்லை, அல்லது டெர்மினல் தொளதொளக்கிறது. சொலினாய்டு இழுக்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அதனால்தான் அடுக்கி வருகிறது. ‘டக்’ என்று ஒரே தனிச்சொல்லாக வந்து நின்றால், விளக்கும் பளிச்சென்று எரிந்தால், சந்தேகம் செல்ஃப் மோட்டாரின் மேல். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ‘கிர்ர்’ என்று மோட்டார் மட்டும் சும்மா சுற்றினால், அதை என்ஜினோடு கோக்கும் பென்டெக்ஸின் மேல். என்ஜினே நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபின் மேல் பழி சொல்லக்கூடாது. பெட்ரோலோ பொறியோ வந்து சேரவில்லை. ஒரு டிக்குக்கும் பல டிக்குக்கும் இடையே ஆயிரக்கணக்கில் ரூபாய் வித்தியாசம் இருக்க, நம்மவர்கள் போனில் ‘என்னமோ சத்தம் வருது’ என்கிறார்கள். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியில் படித்தோம். எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பேட்டரிக்கு மூன்று பயனிலைகள் வழங்குகின்றன: இறங்கிருச்சு, படுத்துருச்சு, போயிருச்சு. இவை ஒருபொருட் பன்மொழி என்று கொள்வது பெரும்பிழை. இறங்கியது சார்ஜ் போட்டால் ஏறும். படுத்தது, சார்ஜ் ஏறினாலும் செல்ஃபைக் கண்டதும் மறுபடி படுக்கும். போனது போனதுதான், பழைய இரும்புக்காரர் ஈயத்தின் எடைக்கு எடுத்துக்கொள்வார். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைகுடம், 12-க்குக் கீழே இறங்கினால் காலிக் குடம்.

மாப்பிள்ளை காரின் பேட்டரி இறங்கியதற்குக் கணக்கு இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் காரும் கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் கம்ப்யூட்டர் நினைவுக்கும் மின்சாரம் குடிக்கிறது. 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி 700 மணி நேரத்தில், அதாவது 29 நாளில், சுத்தமாக வற்றிவிடும். மாப்பிள்ளை வருவது ஆண்டுக்கு ஒரு முறை. எங்கள் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மரம் கல்லாக நெடுங்காலம் பிடித்தது. கார் கல்லாக ஒரு மாதம் போதும். அப்பப்ப ஒரு ஓட்டு ஓட்டவில்லையா என்று கேட்கிறீர்கள். அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

துணிபுக்குச் சான்று. முதல் சோதனை என் காரில். மெக்கானிக்கிடம் ‘பேட்டரி போயிருச்சு போல’ என்றேன். ‘போல’ என்ற ஐயச்சொல் அவர் காதில் விழவில்லை. பழையதைக் கழித்துக்கொண்டு 4,600 ரூபாய்க்குப் புதுப் பேட்டரி வைத்தார். பன்னிரண்டாம் நாள் அதே மௌனம். பேட்டரியின் எர்த் வயர் பாடியில் சேருமிடத்துப் போல்ட் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டு ரெண்டு தேய். அவ்வளவுதான். மெக்கானிக்மேல் குற்றமில்லை, நான் வாக்கியத்தில் கேட்டதைத்தான் அவர் வண்டியில் வைத்தார்.

இரண்டாம் சோதனை மாப்பிள்ளை காரில், வேறொரு பட்டறையில். இம்முறை முன்கூட்டி எதையும் சொல்லக்கூடாது என்று ‘என்னன்னே தெரியலைங்க’ என்று அடக்கமாகச் சொன்னேன். தமிழில் இதைவிட விலை உயர்ந்த வாக்கியம் இல்லை. பம்பர் தொடங்கி டிக்கி வரை முழுக் காரையும் எழுவாய் இடத்தில் வைத்துவிடுகிறது. அண்ணே என்று அழைத்தவர் அந்த நொடியிலிருந்து சார் என்றார். ‘சார்’ வந்தால் விலை ஏறும் என்பது துணை விதி. பக்கத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் பேர்போனது, 2020-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. சிற்பி வேண்டாததைச் செதுக்கி எறிகிறார், உள்ளே சாமி இருக்கிறது. பட்டறையிலும் இதே முறைதான்: ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துகொண்டே போனார், உள்ளே எலி இருந்தது. வயரிங்கைக் கடித்துவிட்டு அங்கேயே குடித்தனம் வைத்திருந்தது.

அந்தப் பில், காலண்டர் தாளின் பின்புறம் எழுதப்பட்டது, இவ்வட்டாரத்துக் கல்வெட்டுகளோடு வைத்துப் படிக்கத்தக்கது. ‘செ. க.மா. 700, வயரிங் 1,800, பிரஸ் 250, கிரீஸ் வகையறா 150, இதர 600.’ ஆக 3,500. ‘க.மா.’வை என் மனைவி ‘கடன்கார மாமா’ என்று வாசித்தாள். அது பாடபேதம். ‘செல்ஃப் கழற்றி மாட்டியது’ என்பதே நேரிய பாடம். எலி கடித்தது வயரை, செல்ஃபை ஏன் கழற்றினார் என்று கேட்டேன். எலி என்று அப்போது தெரியாதே சார் என்றார். என் துணிபுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ‘இதர’வுக்கு மட்டும் உரை காண முடியவில்லை. அது 600 ரூபாய் என்பதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இதற்கு நடுவே ஒரு நாள் மாப்பிள்ளை காரைத் தள்ளியும் பார்த்தோம். ‘தள்ளு’ ஏவல் வினை. ஆனால் ஏவுகிறவர் ஆறு பேர், தள்ளுகிறவர் இரண்டு பேர். ரெண்டாவது கியரில் போட்டு, வண்டி ஓட்டம் பிடித்ததும் கிளட்சை விட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இது பலிக்காது என்பதை நாங்கள் டீக்கடை வரை தள்ளிய பிறகு ஒருவர் சொன்னார்.

மூன்றாம் சோதனை போன மாதம், என் காரிலேயே. முதல் பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: ‘சாவி போட்டா விளக்கு மங்கலா எரியுது, திருகினா டிக்டிக்டிக்குங்குது.’ அவர் இரண்டு நொடி பேசவில்லை. பிறகு, ‘டெர்மினல்ல பூத்திருக்கும் மாமா, சுடுதண்ணி வைங்க, வர்றேன்’ என்றார். சார் இல்லை, மாமா. வந்தார். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார், பத்தாம் நம்பர் ஸ்பேனரில் முறுக்கினார், கிரீஸ் தடவினார். முதல் திருகலிலேயே எடுத்தது. எதை எடுத்தது என்று கேட்க நான் விரும்பவில்லை.

எவ்வளவுங்க என்றேன்.

‘பாத்துக் குடுங்க மாமா.’

இதிலும் செயப்படுபொருள் இல்லை. எதைப் பார்க்க வேண்டும்? வேலை நடந்த ஐந்து நிமிடத்தையா, அதைக் கற்க அவருக்கு ஆன வருடங்களையா, என் சட்டையையா, வீட்டின் மாடியையா? முந்நூறு கொடுத்தேன். அவர் பார்க்காமலே பையில் வைத்துக்கொண்டு பைக்கை மிதித்தார். அதிகம் கொடுத்துவிட்டேனா, குறைத்துவிட்டேனா என்று அந்த முதுகிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வட்டார வழக்கில் எதைப் பார்த்து எவ்வளவு கொடுப்பது என்று அறிந்தவர்கள் எழுதித் தெரிவித்தால், அடுத்த பதிப்பில் அவர்கள் பெயரோடு சேர்த்துக்கொள்வேன்.