இறக்கை இல்லாத கலங்களுக்கு இடமில்லை

பெறுநர்
தலைவர் அவர்கள்,
விண்கல ஓவியப் போட்டிக் குழு,
எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கம்.

பொருள்: போட்டி விதிகளுக்குத் தெளிவுரை கோருதல் – தொடர்பாக.
பார்வை: லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டுள்ள தங்கள் சுற்றறிக்கை.

ஐயா,

'கற்பனைக்கு எல்லை இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்குக் கீழேயே பதினான்கு விதிகளையும் அடுக்கியிருக்கிறீர்கள். மாடி ஏறும்போது ஏழு, இறங்கும்போது ஏழு என்று படித்துவருகிறேன்.

மூன்றாம் விதி என்னை மிகவும் கவர்ந்தது. கலத்துக்குக் கூர்மூக்கு வேண்டும், இருபுறமும் இறக்கை வேண்டும், அடியில் ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு வேண்டும். இல்லாவிட்டால் 'முழுமை பெறாத படம்' என்று தள்ளிவிடுவீர்கள். நியாயம்தான். 1969-இல் நிலவில் மனிதரை இறக்கிய அப்பல்லோ கலம் நம் போட்டிக்கு வந்திருந்தால் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போயிருக்கும். நான்கு கால், முக்கோண ஜன்னல், மேலே சுற்றிய தங்க நிறத் தாள். உள்ளே நாற்காலிகூடக் கிடையாது. எடை கூடுகிறதென்று அதையும் எடுத்துவிட்டு, போன இருவரையும் நிற்கவைத்தே இறக்கினார்கள். காற்றே இல்லாத இடத்தில் இறக்கை எதைத் தள்ளும் என்று கேட்கிற ஆட்களிடம் அழகுணர்ச்சியை எதிர்பார்க்க முடியுமா?

நம் விக்ரம் தரையிறங்கு கலம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியதும் கால் முளைத்த பெட்டிதான். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். நிலவுத் தரை மாதிரி அமைத்துச் சோதனை செய்ய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து மண்தான் போனது. அதற்காக ஊர்ப்பாசத்தில் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மூன்றாம் மாடிச் சிறுமி அதே பெட்டியை வரைந்து கொண்டுவந்தபோது, "கட்டில் மாதிரி இருக்கு பாப்பா, ராக்கெட் வரைஞ்சுட்டு வா" என்று திருப்பி அனுப்பிய உங்கள் தன்னார்வலரைப் பொதுக்குழுவில் பாராட்ட வேண்டும்.

தேசியக் கொடி கட்டாயம் என்ற விதியை மட்டும் நான் கேலி செய்யப்போவதில்லை. 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதள அடிக்கல் விழாவுக்கு அமைச்சர் ஒருவர் கொடுத்த பத்திரிகை விளம்பரத்தில், ராக்கெட் சீனக் கொடியோடு நின்றது. அமைச்சர் விளம்பரத்துக்கே அந்தக் கதி என்றால், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கண்காணிக்க ஆள் போடுவது அவசியமே.

ஹைபீரியன் என்ற பெயரில் வெளிநாட்டில் ஒரு போட்டி நடத்தினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் 250 ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாகப் பயணம் போகும் கலத்தை வடிவமைக்க வேண்டும். 2025-இல் வென்ற கிரிசாலிஸ் 58 கிலோமீட்டர் நீளமாம். ஏறக்குறைய சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை. நம் ஏ4 தாளில் அடங்காது, ஆகவே தகுதி நீக்கம். அங்கே ஒவ்வோர் அணியிலும் கட்டடக் கலைஞர், பொறியாளர், சமூக அறிவியலாளர் என மூவகை ஆட்களும் இருக்க வேண்டுமாம். வீண் செலவு. நமக்கு நகைக்கடை உரிமையாளர் ஒருவரே நடுவர், புரவலர், பரிசளிப்பவர் எல்லாம். கடையின் பெயர் கலத்தின் மேல் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஒன்பதாம் விதியில் சொல்லியிருப்பதால், பிரபஞ்சத்தில் வேறு யாராவது இருந்தால் அவர்களும் செய்கூலி விவரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அந்த ஆயிரம் பேருக்குள் தண்ணீரையும் இடத்தையும் எப்படிப் பங்கிடுவது என்றுகூட அங்கே யோசிக்கச் சொன்னார்களாம். நம் போட்டியில் அந்தப் பிரிவைச் சேர்ப்பதானால் தண்ணீர் மோட்டார் கமிட்டியின் ஒப்புதல் முதலில் தேவையா?

பெரியவர்கள் பிரிவுக்கு என் ஓவியத்தை ஐம்பது ரூபாய் கட்டணத்துடன் இணைத்துள்ளேன். கூர்மூக்கு, இறக்கை, நெருப்பு, கொடி, கடையின் பெயர், தொலைபேசி எண் என்று எதுவும் விடுபடவில்லை. கதவு வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. பதினான்கு விதிகளிலும் தேடிப் பார்த்தேன், கதவு கேட்கப்படவில்லை.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர்

நகல்: நகைக்கடை (தகவலுக்காக)