நாமெல்லாம் மாமா

"நாமெல்லாம் என்ன நெனச்சிண்டிருக்கோம்? வியட்நாம்காரன்னா பாம்பு திம்பான், நாய் திம்பான்னுதானே?"

காலை ஆறேகால் மணி. லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் மூன்றாவது சுற்று. நான் அப்படி எதுவும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. வியட்நாமைப் பற்றி எதையாவது நினைத்தே இருபது வருஷம் ஆகியிருக்கும். ஆனால் மாமாவின் 'நாம'வுக்குள் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னால் மூச்சு வாங்க வரும் ரிட்டயர்டு பாங்க் மானேஜர் மாட்டிக்கொண்டிருக்கிறார். வாசலில் அருகம்புல் ஜூஸ் விற்பவரைக்கூட மாமா விடவில்லை. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ள 'நாம்', விலக்கிவைக்க 'நாங்கள்' என்று இரண்டு சொல் உள்ள மொழி நம்முடையது. மாமாவுக்கு ஒன்றே போதும்.

பிறந்ததிலிருந்து மாட வீதி, அதிகபட்சம் தி.நகர் என்று இருந்துவிட்டு, பிள்ளை டிக்கெட் போட்டுக் கொடுத்து ஏழு நாள் வெளிதேசம் போய் வந்தவர்கள் எல்லாப் பூங்காவிலும் இருக்கிறார்கள். எங்கள் பூங்காவில் இவர். கிளம்புவதற்கு முன்னால் பயந்தவர் இவர் ஒருத்தர்தான், சாட்சி நான். டிராவல்ஸ்காரனுக்குப் போன் போட்டு, "அங்கே அரிசி கிடைக்குமா?" என்று கேட்டவர். உலகத்துக்கே கப்பல் கப்பலாக அரிசி அனுப்பும் தேசத்துக்கு ஐந்து கிலோ பொன்னி பச்சரிசி, ஒரு குட்டிக் குக்கர், இரண்டு பாட்டில் அமிர்தாஞ்சன் சகிதம் விமானம் ஏறினார். (அமிர்தாஞ்சனைக் குறை சொல்ல மாட்டேன். 1893-ல் அந்தத் தைலத்தைத் தொடங்கிய நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயரில் உள்ள பூங்காவில்தானே நடக்கிறோம்.) அரிசி நாலரை கிலோவாகத் திரும்பி வந்தது. தைலம் மூடியே திறக்காமல் வந்தது. பஸ்ஸில் மாமா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து ஸீட்டுப் பாட்டி தன் பையிலிருந்து பச்சைத் தைலம் எடுத்து நெற்றியில் தடவிவிட்டாளாம். அங்கே பாட்டிகளின் பையில் அது இல்லாமல் இருக்காது என்கிறார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் இந்த 'நாம' வியாதி.

காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். "டிகாக்ஷன்னா அது கும்பகோணத்தோட சரின்னு நாமெல்லாம் நெனச்சிண்டிருக்கோம். அங்கே தம்ளர் தலையிலேயே ஃபில்டரை உட்கார வெச்சுடறான். கண்ணெதிர்ல சொட்டுச் சொட்டா எறங்கறது. அடியிலே மில்க்மெய்டு!" பிரேசிலுக்கு அடுத்தபடி உலகத்திலேயே அதிகமாகக் காப்பி விளைவது அங்கேதான், அதுவும் பெரும்பாலும் ரோபஸ்டா என்ற விவரம் இரண்டாவது சுற்றில் வரும். பீபரி தவிர வேறெதையும் காப்பிக்கொட்டை என்று ஒப்புக்கொள்ளாத மனுஷர், ரோபஸ்டாவின் கசப்பில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்கிறார். அந்த ஃபில்டரில் ஒன்று வாங்கியும் வந்தார். மாமி அதை டீ வடிகட்ட எடுத்து வைத்துவிட்டாள்.

"பொம்மனாட்டிகள் வண்டி ஓட்டறதை நாம எப்படிப் பார்க்கறோம்? அங்கே எழுபது வயசுக் கிழவி மோட்டார் பைக்கிலே போறா!" மாமி 1998-லிருந்து ஸ்கூட்டியில் பாண்டி பஜார் போய் வருகிறாள், பின்ஸீட்டில் இவரை வைத்துக்கொண்டு.

ஏ.கே. செட்டியார் காந்தி ஆவணப்படத்துக்காக உலகம் பூராவும் அலைந்தவர். அவருடைய பயணக் கட்டுரைகளில் அவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இவருடைய ஏழு நாளில் வியட்நாமைத் தேட வேண்டியிருக்கிறது.

முழுக்க அப்படிச் சொன்னாலும் பாவம். சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்களும் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து உத்தியோகத்துக்குப் போன தமிழர்களும் இருந்த ஊர் அது. தமிழர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். அம்மன் இருக்கிறாள். இப்போது ஊதுவத்திக் கட்டோடு வருகிறவர்கள் வியட்நாமியர்களும் சீனர்களும்தான். சந்நிதிக்குப் பின்னால் உள்ள கல்சுவரில் நெற்றியைப் பதித்து, வேண்டுதலைச் சுவரிடம் முணுமுணுப்பார்களாம்.

"ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசிருக்கும். சுவத்துல மூஞ்சிய வெச்சுண்டு என்னமோ சொல்லிண்டே இருந்தா. ஒரு வார்த்தை புரியலை. எனக்கு அம்மா ஞாபகம் வந்துடுத்துப்பா."

அந்தச் சுற்று முழுவதும் மாமா பேசவில்லை. 'எனக்கு' என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். இதற்காகவே இன்னும் பத்து வியட்நாம் கேட்கலாம் என்று தோன்றியது.

மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. "சைவம்னா நமக்குத்தான் பட்டா போட்டுக் கொடுத்திருக்குன்னு நாமெல்லாம் நெனச்சிண்டிருக்கோம்." சந்திரக் கணக்கில் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும், அதாவது கிட்டத்தட்ட நம் அமாவாசையும் பௌர்ணமியும், அங்கே பௌத்தர்கள் பலர் மாமிசம் தொடுவதில்லை. 'சாய்' என்று போர்டு போட்ட கடையில் நுழைந்தால் சைவம். மற்றக் கடைகளில், பக்கத்து மேஜையில் மீனோடு ஒருவர், இந்த மேஜையில் டோஃபுவோடு மாமா. "வாடையாவது ஒண்ணாவது! பழகிப்போச்சுப்பா. மனுஷா மனுஷாதான்."

இதைச் சொன்னது வியாழக்கிழமை. சனிக்கிழமை புரோக்கர், மாமாவின் மூன்றாவது மாடி போர்ஷனுக்கு இரண்டு பெண்களை அழைத்து வந்தார். மிஸோரம் பக்கம். தி.நகரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. அட்வான்ஸைக் கையிலேயே வைத்திருந்தார்கள். மாமா கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. மொட்டை வெயில். எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுற்றில் நானே ஆரம்பித்தேன். "ஏன் மாமா, வேண்டாம்னுட்டேளாமே?"

"அவா என்னென்னமோ சமைப்பாளாம்ப்பா."

"நாமெல்லாம் அப்படி நெனச்சிண்டிருக்கோமோ என்னமோ, மாமா."

மாமா நின்றார். மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

"அது வேற, இது வேற. உனக்குத் தெரியாது. நாங்க எப்பவுமே அப்படித்தான்."