கேட்டுச்சொல்றேன்காரர்

எங்கள் அடுக்ககத்தில் அவருக்கு இந்தப் பெயரை வைத்தவர் வாட்ச்மேன். தண்ணீர் லாரிக்கு எத்தனை லோடு சொல்லட்டும் என்று கேட்டாலும் சரி, மாடிப்படிக்கு எந்த பல்பு வாங்கட்டும் என்று கேட்டாலும் சரி, "இருப்பா, கேட்டுச் சொல்றேன்" என்பார். மற்ற ஆண்கள் இப்படிச் சொன்னால் வீட்டுக்குள் போய் மனைவியிடம் கேட்பார்கள். இவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பார்.

ஆள் தணிக்கைத் துறைக்காரர். ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அடுத்தவர் கூட்டிய கணக்கில் நாலணா இடித்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். காய்கறிக்காரர் எடைபோடும்போது தராசின் அடியில் குனிந்து பார்க்கிற ரகம். சொந்தத் தம்பியின் கையெழுத்தையே நம்பாதவர், போனுக்குள் இருக்கிற அரட்டை இயந்திரம் ஒன்று சொல்வதை மட்டும் வவுச்சர் கேட்காமல் பாஸ் செய்துவிடுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கணக்கு விஷயமாக அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து அவர் மனைவி கரண்டியில் சாம்பார் கொண்டுவந்தார்.

"ஏங்க, உப்பு சரியா இருக்கான்னு பாருங்க."

மனிதர் பார்த்தார். உண்மையிலேயே பார்க்கத்தான் செய்தார். கரண்டியைப் படம் எடுத்தார், அனுப்பினார், காத்திருந்தார். "நிறத்தையும் பதத்தையும் வச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்காம்" என்றார். அந்தம்மா கரண்டியை என் பக்கம் நீட்டினார். உப்பே போடவில்லை.

இதற்கெல்லாம் வைத்தியத்தில் பெயர் உண்டா என்றால், கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1995-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், எதற்கெடுத்தாலும் ஒரு நோய்ப் பெயர் சூட்டுகிற தன் துறையைக் கிண்டல் செய்ய, 'இணைய அடிமைநோய்' என்று ஒன்றைக் கற்பனையாக எழுதி வைத்தார். இணையத்தைப் பற்றிக் கனவு காண்பது, விரல்கள் தாமாகவே தட்டச்சு செய்வதுபோல் அசைவது என்று அறிகுறிகளும் கொடுத்தார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். பலர் வந்து, "டாக்டர், எனக்கு இது இருக்கிறது" என்றார்கள். பிறகு காலம் மாறியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டுக் கோளாறுக்கு நிஜமாகவே ஓர் இடம் இருக்கிறது. அரட்டை இயந்திரத்துக்கு இன்னும் இல்லை. ஆகவே கேட்டுச்சொல்றேன்காரரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இப்போதைக்கு என்னைப் போன்ற பக்கத்து வீட்டுக்காரர்களின் தலையில்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறார் என்று கணக்கெடுத்துப் பயனில்லை. எங்கள் பிளம்பரும்தான் அதைப் பயன்படுத்துகிறார். புது மோட்டாரோடு வந்த ஆங்கிலக் கையேட்டைப் படமெடுத்து, தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு போனைப் பையில் போட்டார், ஸ்பேனரை எடுத்தார். நம்மவரிடம் அந்த இரண்டாம் பாதி கிடையாது. பதில் வந்ததும் அந்தப் பதில் சரியா என்று அதனிடமே கேட்பார். சரி என்றதும், எதனால் சரி என்று கேட்பார். ஸ்பேனர் தரையிலேயே கிடக்கும்.

அதனிடம் பேசும்போது அவருக்கு வருகிற மரியாதை தனி. 'தயவுசெய்து', 'மிக்க நன்றி', இரவானால் 'குட்நைட்'. முப்பது வருடமாகக் காபி போட்டுக் கொடுக்கிறவருக்கு இவற்றில் ஒன்றுகூட வந்ததாகத் தகவல் இல்லை. இத்தகைய நாகரிக வார்த்தைகளால் ஆகும் மின்செலவு எவ்வளவு என்று 2025-இல் ஒருவர் எக்ஸ் தளத்தில் கேட்டதற்கு, சாட்ஜிபிடி நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மன் பல கோடி டாலர் என்று பாதி விளையாட்டாகப் பதில் சொன்னார். அதில் எங்கள் அடுக்ககத்தின் பங்கு கணிசமானது.

பொங்கல் விழாவில் நன்றியுரை அவருடையது. "வள்ளுவர் தம் 1412-ஆவது குறளில் சொன்னதுபோல" என்று தொடங்கி, அண்டை வீட்டார் ஒற்றுமை பற்றி இரண்டு வரி சொன்னார். எதுகை எல்லாம் ஜோராக இருந்தது. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுந்து, "தம்பி, அவர் 1330-லயே நிறுத்திட்டாரே" என்றார். நம்மவர் மேடையிலேயே குனிந்து போனைத் தட்டினார். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சரியான எண் 1386 என்றது. அதையும் மைக்கில் அறிவித்தார்.

இதில் அவர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், நடக்கவே நடக்காத வழக்குகளை சாட்ஜிபிடி சொன்னபடி மேற்கோள் காட்டி மனுப்போட்டு, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். இந்த வழக்குகள் நிஜம்தானா என்று அவர்களில் ஒருவர் கேட்டது யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? அந்த சாட்ஜிபிடியிடமேதான்.

மூன்றாவது மாடிப் பெரியவர் காலமானபோது வாட்ஸப் குழுவில் இவருடைய இரங்கல்தான் முதலில் வந்தது. ஆலமரம், நிழல், விழுது எல்லாம் இருந்தன. கடைசி வரி: 'வேண்டுமானால் இதை இன்னும் கொஞ்சம் உருக்கமாக மாற்றித் தரட்டுமா?' பெரியவரின் மகன் துக்கத்திலும் நிதானம் தவறாமல், "இதுவே போதும் அங்கிள்" என்று போட்டார். பெரியவரும் இவரும் பல வருடம் ஒன்றாக வாக்கிங் போனவர்கள். அவரைப் பற்றிச் சொல்ல இவருக்கு நூறு விஷயம் இருந்திருக்கும்.

வீட்டுச் சண்டையையும் விட்டுவைக்கவில்லை. மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது என்பதில் மூண்ட தகராறை விலாவாரியாகத் தட்டி, யார் பக்கம் நியாயம் என்று கேட்டார். உங்கள் மனவருத்தம் முற்றிலும் நியாயமானது என்று பதில் வந்தது. அந்தம்மா சும்மா இருப்பாரா? மகளின் போனை வாங்கி, அதே சண்டையைத் தன் தரப்பிலிருந்து எழுதினார். அவர் மனவருத்தமும் முற்றிலும் நியாயமானதாம். வாதி, பிரதிவாதி இருவரையும் ஜெயிக்க வைத்து அனுப்பிய தீர்ப்பு அது. இந்த ஜால்ரா அளவு மீறிப் போய்விட்டது என்று 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி நிறுவனமே ஒப்புக்கொண்டு, புதிதாக விட்ட ஒரு பதிப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் ஆமாம் போடுகிறவரை யாருக்குத்தான் பிடிக்காது? 1966-இல் எம்ஐடி பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற நிரலைப் பற்றி எழுதி வெளியிட்டார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதுதான் அதன் வேலை. அவர் அதை உருவாக்குவதைக் கூடவே இருந்து பார்த்த செயலாளர் பெண்மணி, கொஞ்ச நேரம் அதனோடு பேசியதும், "நீங்கள் சற்று வெளியே போகிறீர்களா?" என்று வைசன்பாமையே கேட்டாராம்.

ஒருமுறை சாக்கடைக்குத் தோண்டிய ஜேசிபி இன்டர்நெட் கேபிளை அறுத்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய மொபைல் டேட்டாவும் தீர்ந்திருந்தது. அன்று மாலை வரை அவர் லிஃப்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். சட்டைப்பையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுக்கொண்டார். பொறுக்க முடியாமல் வாட்ச்மேனிடமே, "மழை வருமாப்பா?" என்றார்.

"ஆறு மணிக்குள்ள வந்துரும் சார்."

"எதை வச்சுச் சொல்றே?"

"மேல பாத்துத்தான் சார்."

நம்பவில்லை. ஆறு மணிக்கு நனைந்துகொண்டே உள்ளே வந்தார்.

இந்த ஜேசிபி சம்பவம் அவரையே கொஞ்சம் உலுக்கிவிட்டது. இணைப்பு வந்ததும் முதல் கேள்வி: 'நான் உனக்கு அடிமையாகிவிட்டேனா?' மிக அருமையான கேள்வி, இப்படிக் கேட்கத் தோன்றியதே உங்கள் விழிப்புணர்வைக் காட்டுகிறது என்று அது பாராட்டியது. இருபத்தொரு நாள் விடுதலைத் திட்டம் ஒன்றை அட்டவணை போட்டுக் கொடுத்தது. காலையில் ஒரு மணி நேரம் தொடக்கூடாது, சாப்பிடும்போது தொடக்கூடாது, இரவு ஒன்பதுக்கு அன்றைய முன்னேற்றத்தைத் தன்னிடம் வந்து விரிவாகச் சொல்ல வேண்டும்.

தணிக்கைக்காரர் அல்லவா, ஒழுங்காகக் கடைப்பிடித்தார். ஆறாம் நாள் அறிக்கை எட்டு பக்கத்தைத் தாண்டியது. ஏழாம் நாள் பாதி அறிக்கையில் இலவச அளவு தீர்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று வந்தது. திட்டம் நடுவில் அறுந்துவிடக் கூடாதே என்று அப்போதே மாதச் சந்தா கட்டிவிட்டார். சிகிச்சைச் செலவு என்று அலுவலகத்தில் மெடிக்கல் பில் போட முடியுமா என்பதைத்தான் இப்போது அதனிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.