ஸ்டெப் சார்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் இருக்கும் தெருவில் கட்டாயம் ஒரு ஸ்டெப் சார் இருப்பார். மாடித் தகரக் கொட்டகைதான் அவருடைய ராஜ்யம். சட்டைப் பையில் சிவப்புப் பேனா, விரலிடுக்கில் சாக்பீஸ். விடையில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. அதுதான் புத்தகத்தின் கடைசியிலேயே அச்சாகிக் கிடக்கிறதே, அதற்கு எதற்கு டியூஷன்? அவருக்கு வேண்டியது ஸ்டெப்.

சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக இறங்க வேண்டும். ஒன்று கொஞ்சம் விலகினாலும், "ஏன் தம்பி, உன் சமக்குறி தள்ளாடுது? சரக்கு போட்டிருக்கா?" என்பார். அந்தக் குறியை 1557-இல் முதன்முதலாக அச்சேற்றியவர் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ்காரர். இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று உலகத்துக்குக் குறி போட்டுக் கொடுத்த அவரால் சொந்தக் கடனை நேர் செய்ய முடியவில்லை. மறு வருஷமே லண்டன் சிறையில் இறந்துபோனார். சார் இந்தக் கதையை வகுப்பில் சொல்வதில்லை. ஃபீஸ் வாங்கும் வாரத்தில் கடன் பேச்சு எடுத்தால் பிள்ளைகளும் தவணை கேட்பார்கள்.

அவருடைய அபிமானம் வயதுக் கணக்கு. அப்பாவின் வயது மகன் வயதைப்போல் மூன்று மடங்கு. 12 வருஷம் கழித்து இரண்டு மடங்கு. இப்போது யாருக்கு என்ன வயது? மகன் எக்ஸ், அப்பா 3 எக்ஸ். 12 வருஷம் கழித்து இருவருக்கும் 12 கூடும். ஆகவே 3 எக்ஸ் + 12 = 2 (எக்ஸ் + 12). அடைப்பைப் பிரித்தால் வலப்பக்கம் 2 எக்ஸ் + 24. அங்கிருந்து 2 எக்ஸ் இங்கே வர, இங்கிருந்து 12 அங்கே போக, எக்ஸ் = 12. மகனுக்கு 12, அப்பாவுக்கு 36. சரிபார்ப்பு: 24, 48.

இப்படிச் சரியாகப் போட்டுவிட்டால் சாருக்கு உற்சாகமே வராது. ஒருவன் அடைப்புக்குள் இருந்த 12-ஐ 2-ஆல் பெருக்க மறந்து, எக்ஸ் = 0 என்று நீட்டட்டும், எழுந்து கை கொடுப்பார். "வாழ்த்துகள்டா! அப்பனும் புள்ளையும் ஒரே நாள்ல பொறந்திருக்காங்க. ரெண்டு தொட்டிலா வாங்கு." இன்னொருத்தி மகனுக்கு 12-ஐக் கூட்டவே மறந்து −12 என்று முடித்திருப்பாள். "பையன் பொறக்க இன்னும் 12 வருஷம் இருக்கும்மா. அப்பா பொறக்க 36 வருஷம். பையன்தான் அப்பனுக்குப் பேர் வைக்கணும்."

கேலிதான். ஆனால் தப்பான விடையைப் பார்த்த மாத்திரத்தில், எந்த வரியில் கோட்டை விட்டார்கள் என்று சொல்லிவிடுகிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது. பொதுத்தேர்வில் விடை தவறினாலும் அதுவரை சரியாகப் போட்ட படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் பெற்றோரும் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

வீட்டில் அவ்வளவு கொண்டாட்டம் இல்லை. "காய் எவ்வளவு ஆச்சு?" என்று மனைவி கேட்டால், கத்திரிக்காய் கிலோ விலையில் தொடங்கி, கால் கிலோவுக்கு இறங்கி, மீதிச் சில்லறைக்குச் சரிபார்ப்பு போட்டு முடிப்பதற்குள் ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிடும்.

அவரை நிஜமாகவே கலங்கடிப்பவன் கடைசி வரிசைப் பையன். 16/64-ஐச் சுருக்கச் சொன்னால், மேலே ஒரு 6, கீழே ஒரு 6, இரண்டையும் அடித்துவிட்டு 1/4 என்று நிற்பான். விடை சரி, வழி அக்கிரமம். சார் பதறிப்போய் 12/24-ஐக் கொடுக்கிறார். 2-ஐ 2-ஆல் அடித்ததில், அரை வர வேண்டிய இடத்தில் கால் வந்து நிற்கிறது. சாருக்குப் போன உயிர் திரும்புகிறது. பையன் விடுவானா? மறுநாளே 19/95, 26/65, 49/98 என்று மூன்றைப் பிடித்துக்கொண்டு வருகிறான். மூன்றுமே அதே அடிக்குச் சரியாக மடிகின்றன.

பூஜ்யம் கலக்காத ஈரிலக்க எண்களில், ஒன்றுக்குக் குறைவான இப்படிப்பட்ட பின்னங்கள் மொத்தமே இந்த நான்குதான். வினாத்தாள் தயாரிப்பவர்களே, தயவுசெய்து அந்த நான்கு பக்கமும் போகாதீர்கள். சார் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார்.