அழியைக் கடித்த பேத்திக்காக ஒரு மன்னிப்பு விண்ணப்பம்

அனுப்புநர்:
தாத்தா ஒருவர்,
சுசீந்திரத்துக்குப் பக்கம், நாஞ்சில் நாடு,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயலர் அவர்கள்,
சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம்,
புதுடெல்லி.

பொருள்: 2 வயதுப் பெண் குழந்தை ஒன்று தங்கள் விதிகளைப் படிக்காமல் ஜன்னல் அழியைக் கடித்தமைக்கு மன்னிப்புக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: வீட்டு மற்றும் அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈய அளவு குறித்த ஒழுங்குமுறை விதிகள், 2016.

ஐயா,

மேற்படி குழந்தை என் பேத்தி. குற்றத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. படிப்புரைப் பக்கத்து, அதாவது திண்ணைப் பக்கத்து, ஜன்னலுக்குக் கம்பிக்குப் பதில் மர அழி. என் அப்பா காலத்தில் அதற்குப் பச்சை அடித்தார்கள். என் கல்யாணத்துக்கு மஞ்சள். மகள் கல்யாணத்துக்கு மறுபடியும் பச்சை. எங்கள் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் உண்டு, துலாம் என்கிற வடகிழக்கு மழையும் உண்டு. கடற்காற்று வருஷம் முழுக்க உண்டு. எந்தப் பெயின்ட்டும் இங்கே அதிக நாள் நிற்காது, பொருக்குவிட்டு உரிந்துவிடும். பேத்தி அந்த அழியைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகினாள். பிடித்து நின்றால் அவள் வாய் சரியாகக் கட்டையின் உயரத்துக்கு வரும். ஒருநாள் பார்த்தால் கட்டையில் நாலு பல் தடம், கீழுதட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள் பொருக்கு.

"மண்ணு திங்காத பிள்ளை உண்டுமா? நீங்க சின்னதுல சுவத்துச் சுண்ணாம்பைச் சொரண்டித் தின்னவருதானே" என்றாள் என் மனைவி. நான் ஈயம் என்று ஆரம்பித்ததும் அடுத்த அடி விழுந்தது: "ஈயச்சொம்பு ரசம் குடிச்சுத்தான் வளர்ந்தோம். என்ன கெட்டுப்போச்சு?"

அவளுக்குச் சொன்ன விளக்கத்தையே தங்களுக்கும் சமர்ப்பிக்கிறேன். ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம். பெயின்ட்டில் கலந்தது காரீயம். சீக்கிரம் காயவும், நிறம் மங்காமல் மினுங்கவும், மழையைத் தாங்கவும் அதைச் சேர்த்தார்கள். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமலில்தான் அதிகம் இருக்கும். அதாவது குழந்தைகளுக்கு எது பிடிக்குமோ அதில். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு குழந்தையின் உடம்பு உறிஞ்சும். அது கால்சியத்தின் வேஷம் போட்டு எலும்பில் குடியேறும், மூளையிலும் போய் உட்காரும். ரத்தசோகை வரும், கவனம் சிதறும், படிப்பு ஏறாது. வெளியே ஒரு தடிப்புக்கூடத் தெரியாது. வாத்தியார் 'மக்கு' என்பார்; அத்தோடு வழக்கு முடிந்துவிடும்.

இந்த ஆபத்தைத் தாங்கள் அறியாதவர்கள் அல்ல. 1904-லேயே பிரிஸ்பேன் நகரத்துக் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், வராந்தா அழியிலும் சுவரிலும் பூசிய பெயின்ட்டே குயின்ஸ்லாந்துக் குழந்தைகளுக்கு விஷமாகிறது என்று எழுதிவிட்டார். 112 ஆண்டுகள் நிதானமாக யோசித்து, 2016 நவம்பர் 1-ல் தாங்கள் விதி கொண்டுவந்தீர்கள்: பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது, 2017 நவம்பர் 1 முதல் அமல். டின்னின் மேல் அதை அச்சடிக்கவும் வேண்டும். நல்ல விதி, குறை சொல்லவில்லை. கோளாறு எங்கள் பக்கம்தான். டின்னைத் தூக்கி எறிந்துவிட்டு, பெயின்ட்டை மட்டும் அழியில் வைத்துக்கொண்டோம். பேத்தியும் டின்னைக் கடிக்காமல் அழியைக் கடித்துவிட்டாள். என் கல்யாணத்து மஞ்சளுக்குத் தங்கள் அறிவிக்கையின் நகல் வந்து சேரவில்லை போலும். சட்டம் வந்தது தெரியாமல் பச்சைக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். விதி 'வீட்டு, அலங்கார' பெயின்ட்டுக்கு மட்டும். தொழிற்சாலைப் பெயின்ட் அதில் வராது. அப்படியானால் பூங்காவின் சறுக்குமரமும் ஊஞ்சல் கம்பியும் எந்த இனம்? அது அலங்காரமா, தொழிலா என்று நக்குவதற்கு முன்னால் எந்த அலுவலரிடம் விசாரிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டால், படித்துக் காட்டிவிடுகிறேன்.

அழியைப் புதுப்பிக்கலாம் என்று கிளம்பினேன். "ஈயம் இல்லாத பெயின்ட் உண்டா?" என்று கேட்டதற்கு, "ஈயமா? அதுக்குப் பாத்திரக்கடைக்கில்லா போகணும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். பெயின்டர் உப்புத்தாளோடு வந்து காய்ந்த அழியில் பரபரவென்று தேய்த்தார். பச்சையும் மஞ்சளுமாகத் தூசி எழுந்து தொட்டில் துணிவரைக்கும் பரவியது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொன்னேன். "வேலை இழுக்கும் அண்ணாச்சி. ரெண்டு நாள் கூலி கூடும்." கூலியைக் கொடுத்தேன். ஆனால் முதல் நாள் தூசி அதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆய்வகத்தில் கேட்டேன். "சுகர் பார்க்கலாம், தைராய்டு பார்க்கலாம். ஈயத்துக்கு வெளியூருக்குத்தான் அனுப்பணும்." முடிவு வந்தபோது டெசிலிட்டருக்கு 7 மைக்ரோகிராம். 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல என்பார்களே, அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் புரிந்தது. டாக்டர் மருந்து எழுதவில்லை. இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ள சாப்பாடு கொடுங்கள், அழிப்பக்கம் விடாதீர்கள் என்றார். மூளையில் ஏற்பட்ட சேதத்தைத் திருப்ப மருந்து இல்லை என்றார்.

என் பேத்தி மட்டுமே குற்றவாளி என்றால் வெட்கப்படுவேன். சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளைச் சோதித்து 2009-ல் வெளிவந்த ஆய்வில் சராசரியே 11.4. இந்தியாவில் 27 கோடிக்கும் அதிகமான குழந்தைகளின் ரத்தத்தில் 5-க்கு மேல் என்று யுனிசெப் 2020-ல் கணக்குச் சொன்னது. பெயின்ட் மட்டும் காரணமில்லை. பழைய பேட்டரியை உடைத்து உருக்குகிற இடங்களும், மஞ்சள்தூளில் நிறத்துக்குச் சேர்க்கிற கலப்படமும் உண்டு. இத்தனை கோடிப் பேரும் விதியைப் படிக்கத் தவறியிருக்கிறார்கள். தயவுசெய்து மன்னிக்கவும்.

கூடவே மூன்று கோரிக்கைகள். சறுக்குமரமும் ஊஞ்சலும் எந்தப் பெயின்ட்டில் மினுங்கினாலும் அந்த 90 அதற்கும் பொருந்தட்டும். அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் உரிகிற பழைய பெயின்ட்டை யாராவது வந்து சோதிக்கட்டும். ஒவ்வொரு மாவட்டத்து அரசு மருத்துவமனையிலும் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் பார்க்க வசதி வரட்டும். 90 என்பது டின்னுக்கான கணக்கு. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பேத்தியின் சார்பில் தாத்தா.

நகல்: பொங்கலுக்கும் ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப்போகும் எல்லாத் தாத்தா பாட்டிகளுக்கும். பழைய பெயின்ட்டைக் காய்ந்தபடி தேய்க்க விடாதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடிகிறவரை பிள்ளைகளை வேறு வீட்டில் விடுங்கள். ரெண்டு நாள் கூலி கூடும், கொடுத்துவிடுங்கள்.